அஞ்சடிக்கு மேல் ஓர் அறை: லெவல் எடிட்டர்கள் இடத்தை எப்படிப் பார்க்கின்றன

பினாங்கு ஜார்ஜ்டவுனின் மார்க்கெட் ஸ்திரீட்டில், இன்றைய பெயர்ப்பலகைப்படி லெபோ பாசாரில், வரிசையாக நிற்கும் கடைவீடுகளின் அமைப்பு இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் மனப்பாடம். தெருவைப் பார்த்த முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே போகப் போக வீடு நீண்டுகொண்டே போகும். கடைக்கு முன்னால் அஞ்சடி, அதாவது மாடியின் நிழலில் போகும் நடைபாதை. அந்த அஞ்சடிக்கு மேல், தெருவோரத் தூண்கள் தாங்கி நிற்கும் மாடி அறை. வீட்டின் நடுவே கூரையில்லாத முற்றம். அதன் வழியே வெளிச்சமும் மழையும் இறங்கும். அதற்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் சந்து. வீடியோ கேம்களின் களங்களை அமைக்கும் கருவியான லெவல் எடிட்டர் எது கைக்குக் கிடைத்தாலும் நான் முதலில் கட்டிப் பார்ப்பது இந்த வீட்டைத்தான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதுவே என் உரைகல்.

எடிட்டர்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வசதிகளைப் பட்டியலிட்டு மதிப்பெண் போடுகிறார்கள்: எத்தனை லேயர் உண்டு, செய்ததைத் திரும்பப் பெறும் வசதி உண்டா, எந்தெந்தக் கணினியில் இயங்கும் என்பன போல. அந்த ஒப்பீட்டுக்குப் பயன் உண்டு. ஆனால் ஒரே கடைவீட்டைப் பல எடிட்டர்களில் கட்டிப் பார்த்தவருக்கு வேறொரு கேள்வியே முதலில் எழும். நாம் கை வைப்பதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்று அந்த எடிட்டர் கருதுகிறது? வெற்றுத் தாளா, வெட்டவெளியா, பாறையா, கட்டம் போட்ட நிலமா? எது சுலபம், எது கடினம், எது முடியவே முடியாது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த முதல் கருத்துதான். அதன் பின்னணியைப் புரிந்துகொண்டால், ஒருவருக்கு மிகப் பிடித்த எடிட்டர் இன்னொருவருக்கு ஏன் கையில் ஒட்டவே இல்லை என்பதும் விளங்கிவிடும்.

களம் அமைக்கும் கருவியை விளையாடுபவரிடமே கொடுப்பது பழைய வழக்கம். 1983இல் வந்த லோட் ரன்னர், 150 களங்களோடு புதிய களம் வரைவதற்கான எடிட்டரையும் சேர்த்தே தந்தது. அதே ஆண்டில் வந்த பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் முழுக்கவே அமைக்கும் கருவியாக விற்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு திரை ஒரு களமாக இருந்ததால், கட்டங்களை நிரப்பினால் வேலை முடிந்தது. ஆள் உள்ளே நுழைந்து சுற்றிப் பார்க்கும்படியான இடங்கள் வந்தபோதுதான் சிக்கலும் வந்தது, சுவையும் வந்தது.

அந்தத் திருப்பம் 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம். அதற்கு முந்தைய ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட வுல்ஃபென்ஸ்டைன் 3டி கேமின் கோப்புகளை ரசிகர்கள் தாங்களாகவே பிரித்துப் பார்த்து, சொந்த மேப்களை, அதாவது களங்களை, செய்யத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கவனித்த ஐடியின் நிரலாளர் ஜான் கார்மக், டூமில் களங்களையும் படங்களையும் ஒலிகளையும் நிரலிலிருந்து பிரித்து, வேட் என்ற தனிக் கோப்பில் வைத்தார். நிரலைத் தொடாமலே புதிய களத்தைச் செருகலாம் என்ற நிலை அப்படித்தான் உருவானது. ஐடி தன் களங்களை நெக்ஸ்ட் கணினிகளில் இயங்கிய டூம்எட் என்ற சொந்தக் கருவியில் அமைத்தது. அது அப்போது வெளியே வரவில்லை. ஆயினும் 1994 தொடக்கத்திலேயே ரசிகர்கள் டியூ என்ற எடிட்டரை எழுதிவிட்டார்கள். 2003இல் டூம் பில்டர் வந்தது. அதன் வழித்தோன்றலான அல்டிமேட் டூம் பில்டர் இன்றும் தொடர்ந்து மேம்படுத்தப்படுகிறது.

டூமின் பார்வையில் இடம் என்பது மேலிருந்து பார்த்த தரைப்படம். முனைகளைக் கோடுகளால் இணைக்கிறோம். கோடுகள் சூழ்ந்த பரப்பு ஒரு செக்டர் ஆகிறது. ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு தரை உயரம், ஒரு மேற்கூரை உயரம், ஒரு வெளிச்ச அளவு. அவ்வளவுதான். ஓர் இடத்துக்கு ஒரே தரை, ஒரே மேற்கூரை என்பதால் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை இருக்க முடியாது. கடைவீட்டுக்கு இது நேரடியான தடை, ஏனென்றால் கடைவீட்டின் முகமே அஞ்சடிக்கு மேல் நிற்கும் அறைதான். அஞ்சடியை ஒரு செக்டராக வரைந்து அதன் மேற்கூரையைத் தாழ்வாக வைக்கிறோம். தெருவுக்கு வானத்தை மேற்கூரையாகக் கொடுக்கிறோம். இரண்டு உயரங்களுக்கும் இடைப்பட்ட சுவர்ப்பகுதியில் மாடியின் முகப்பைப் படமாக ஒட்டுகிறோம். தெருவில் நின்று பார்த்தால் மரச் சன்னல்களோடு மாடி இருப்பதாகவே தோன்றும். ஏறிப் போகத்தான் வழியில்லை, ஏனெனில் அங்கே அறை என்று எதுவும் இல்லை.

ஆனால் அதே டூம் முற்றத்தை வேறெந்த எடிட்டரும் தராத எளிமையோடு தந்துவிடுகிறது. நடுவில் ஒரு செவ்வகம் வரைந்து, மேற்கூரைக்கு வானத்தைக் கொடுத்து, தரையை ஒரு படி தாழ்த்தி, வெளிச்சத்தை 208 என்று வைத்து, சுற்றியுள்ள பகுதிகளுக்கு 160, 128, 112 என்று குறைத்துக்கொண்டே போனால், பத்து நிமிடத்தில் வெயில் இறங்கும் முற்றமும் அதைச் சுற்றிய இருட்டும் வந்துவிடும். விளக்கு எங்கே, அதன் கதிர் எப்படிப் பாய்கிறது என்று டூம் கேட்பதில்லை. இந்த இடம் எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் கேட்கிறது. பழைய வீடுகளைப் பற்றிப் பேசும்போது நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? "முற்றத்துப் பக்கம் வெளிச்சமாக இருக்கும், சாமி அறை இருட்டு" என்கிறோமே தவிர, ஒளியின் கோணத்தை அளந்து சொல்வதில்லை.

பிற்காலத்தில் ஜிஇஸட்டூம் போன்ற மேம்படுத்தப்பட்ட வடிவங்கள் மாடிக்கு வழி செய்தன. மேப்பின் ஒரு மூலையில், விளையாடுபவர் போகவே முடியாத இடத்தில், ஒரு பொம்மைச் செக்டரை வரைந்து, அதன் தரையையும் மேற்கூரையையும் அஞ்சடிக்கு மேலே நிற்கும் பலகையாகப் பயன்படுத்தச் சொல்லலாம். வேலை நடக்கிறது, ஆனால் அது தரைப்படத்தில் கட்டிய ஒட்டுத்திண்ணை என்பது ஒவ்வொரு சொடுக்கிலும் தெரியும். அந்த ஒட்டையே கலையாக்கிய படைப்பும் உண்டு. 2023இல் வெளியாகிப் பெரிதும் பேசப்பட்ட மைஹவுஸ் என்ற டூம் மேப், சாதாரண இரண்டு மாடி வீடாகத் தொடங்கி, விளையாடுபவர் உணராமலே அவரை வீட்டின் வேறு வேறு பிரதிகளுக்குள் மாற்றிக்கொண்டே போகிறது. அறைக்கு மேல் அறை இல்லாத உலகில் மாடி வீடு கட்டுவதற்கான பழைய தந்திரங்களை நன்கு அறிந்தவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

1996 ஜனவரியில் வந்த டியூக் நியூகம் 3டி, கென் சில்வர்மேன் எழுதிய பில்ட் என்ற எஞ்சினில், அதாவது கேமை இயக்கும் அடிப்படை நிரலில், இயங்கியது. எடிட்டரையும் கேமின் குறுந்தகட்டிலேயே வைத்துக் கொடுத்தார்கள். பில்டும் செக்டர்களால் ஆனதுதான். ஆனால் ஒரு செக்டரிலிருந்து அடுத்த செக்டருக்கு எந்தச் சுவர் வழியாகப் போகலாம் என்ற உறவை மட்டுமே அது பார்ப்பதால், தரைப்படத்தில் இரண்டு செக்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் அது பொருட்படுத்துவதில்லை. ஒரே பார்வையில் இரண்டும் சேர்ந்து தெரியாதவரை சரி. கடைவீட்டின் பின்பக்கம் படிக்கட்டு வைத்து, திருப்பத்தில் மாடிக்கு ஏறி, அஞ்சடிக்கு நேர் மேலே வந்து நிற்கலாம். அங்கிருந்து எட்டிப் பார்த்து அஞ்சடியில் நிற்பவரைக் கூப்பிட மட்டும் முடியாது; மேலும் கீழும் ஒரே பார்வையில் வந்தால் காட்சி குலைந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்த எடிட்டர் எது என்று கேட்டால், இத்தனை குறைகளோடும் நான் பில்டையே சொல்வேன். காரணம், வரைவதற்கும் உள்ளே நடப்பதற்கும் இடையே அதில் காத்திருப்பு இல்லை. தரைப்படத்தில் சுவர் வரைந்துகொண்டிருப்பவர் எண்பலகையின் எண்டர் விசையைத் தட்டினால் அடுத்த கணம் அந்த அறைக்குள் நிற்கிறார். பேஜ் அப் விசையை அழுத்தினால் கண்ணெதிரே தரை உயர்கிறது. டூமில் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மேப்பை இரண்டிரண்டாகப் பிளந்து அடுக்கும் மரவமைப்பை மறுபடி கணக்கிட வேண்டும். பில்டின் உறவுமுறைக்கு அது தேவையில்லை. இந்தச் சிறிய தொழில்நுட்ப வேறுபாடு அமைப்பவரின் மனநிலையையே மாற்றிவிடுகிறது. முற்றத்தின் தரையை எவ்வளவு தாழ்த்தினால் கால் வைக்கும்போது சரியாக இருக்கும் என்பதை எண்ணில் யோசிக்காமல், அங்கேயே நின்று ஏற்றி இறக்கிப் பார்த்துத் தீர்மானிக்கலாம். கொத்தனார் நூல் கட்டிப் பார்ப்பதைப் போன்ற வேலை அது. டாஸ் காலப் பதிப்பில் ஒரு மேப்புக்கு 1024 செக்டர், 8192 சுவர் என்று வரம்பு இருந்தது. ஒரு தெரு முழுவதையும் கட்டத் தொடங்கினால்தான் அந்த வரம்பு இடிக்கும்.

அதே 1996இல், ஜூன் மாதம், குவேக் வந்தது. இங்கே தரைப்படம் இல்லை. முதலில் இருப்பது வெட்டவெளி. அதில் பிரஷ் எனப்படும் திடமான கட்டிகளை வைத்துக்கொண்டே போகிறோம். சுவர் ஒரு கட்டி, தளம் ஒரு கட்டி, தூண் ஒரு கட்டி. அஞ்சடிக்கு மேல் அறை என்பது இங்கே ஒரு கேள்வியே இல்லை: தூண்களை நிறுத்தி, மேலே பலகையைக் கிடத்தி, அதன்மேல் சுவர் எழுப்பினால் மாடி தயார். சன்னலில் நின்று எட்டிப் பார்த்தால் அஞ்சடியில் நிற்பவரும் தெரிவார். கடைவீட்டை உண்மையாகக் கட்ட முடிந்த முதல் எடிட்டர் எனக்கு இந்த வகைதான். பென் மோரிஸ் 1996இல் எழுதிய வேர்ல்டுகிராஃப்ட் என்ற எடிட்டரை நான்கு சன்னல்களோடு திறந்தபோது, மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே வீட்டைப் பார்த்த வியப்பு இன்னும் மறக்கவில்லை. வால்வ் நிறுவனம் பின்னர் அதை எடுத்துக்கொண்டது. 1998இல் வந்த ஹாஃப் லைஃப் அதில்தான் அமைக்கப்பட்டது. ஹேமர் என்று பெயர் மாறிய அந்த எடிட்டரில் செய்யப்பட்ட கவுன்டர் ஸ்டிரைக் மேப்களில்தான் மலேசியாவின் சைபர் கஃபேக்களில் ஒரு தலைமுறை பள்ளி முடிந்த பிற்பகல்களைக் கழித்தது.

இந்தச் சுதந்திரத்துக்கு விலை உண்டு. வெட்டவெளியில் கட்டுவதால், கட்டிய இடம் எல்லாப் பக்கமும் அடைபட்டிருக்க வேண்டும். எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தாலும், உள்ளிருக்கும் ஒரு பொருளிலிருந்து வெளி வெறுமைக்குப் போக வழி கிடைத்துவிட்டால், அதற்கு லீக் என்று பெயர். லீக் இருந்தால், எந்த இடத்திலிருந்து எந்த இடம் தெரியும் என்று முன்கூட்டியே கணக்கிடும் விஸ் என்ற கட்டம் நடக்காது, மேப் மந்தமாகிவிடும். கடைவீட்டில் லீக் வரும் இடம் பெரும்பாலும் ஓட்டுக் கூரை. சாய்வான பலகைகளின் முனைகள் எடிட்டரின் கட்டங்களில் சரியாக உட்காராததால், இரண்டு சாய்வுகள் சேரும் முகட்டில் ஓட்டை விழுகிறது. முற்றத்தின் மேலே வானம் என்ற சிறப்புப் பரப்புள்ள பிரஷைக் கிடத்தி மூடவும் மறக்கக் கூடாது. புதிதாக வருபவர்கள் லீக்கைத் தேடிச் சலித்து, முழு மேப்பையும் ஒரு பெரிய வானப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். லீக் நின்றுவிடும், ஆனால் வீட்டின் வெளிச்சுவர்கள் எல்லாம் உள்பரப்பாகக் கணக்கில் சேர்ந்து, விஸ் கணக்கிடுவதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். அதைச் செய்ய வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. மேப்பைக் கணக்கிட்டு விளையாடத் தயாராக்கும் நிரலான கம்பைலர் எழுதித் தரும் புள்ளிக் கோப்பை எடிட்டரில் திறந்தால், உள்ளிருந்து ஓட்டை வழியாக வெளியே போகும் ஒரு கோடு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் கூரையின் எந்த மூலை ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

காத்திருப்பும் அதிகம். பிரஷ்களை வெட்டிப் பிரிப்பது, விஸ் கணக்கிடுவது, வெளிச்சத்தை ஒவ்வொரு பரப்பிலும் படிய வைப்பது என்று மூன்று கட்டங்கள் முடிந்த பிறகுதான் வீட்டுக்குள் நடக்க முடியும். பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக் கணினியில் ஒரு முழுத் தெருவுக்கான விஸ் கணக்கை இரவு படுக்கப் போகும்போது ஓடவிட்டு, விடியற்காலை இடியோடு மின்சாரம் போய், எல்லாவற்றையும் மறுபடி தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் காத்திருப்பு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தந்தது: கட்டுவதற்கு முன் தாளில் வரைந்து அளவு போட்டுக்கொள்வது. விளையாடுபவரின் உருவம் 32 அலகு அகலம், 56 அலகு உயரம். ஏறக்கூடிய படி 18 அலகு. இந்த மூன்று எண்களை வைத்து அஞ்சடியின் அகலத்தையும் மாடிப்படியின் சாய்வையும் கணக்கிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்றைய கணினிகளில் அதே கணக்கு சில நொடிகளில் முடிகிறது; கிறிஸ்டியன் டுஸ்கே உருவாக்கிய டிரெஞ்ச்புரூம் என்ற இலவச எடிட்டரில், ஒரே முப்பரிமாணச் சன்னலில் நடந்துகொண்டே பிரஷ்களை இழுத்துக் கட்டலாம். பில்ட் தந்த கைக்கும் கண்ணுக்குமான நெருக்கம் குவேக் வகை எடிட்டர்களுக்கு அதில்தான் வந்து சேர்ந்தது.

1998இல் வந்த அன்ரியலின் எடிட்டர் இதை அப்படியே தலைகீழாக்கியது. அதில் உலகம் முழுவதும் ஏற்கெனவே திடப்பொருள். நாம் அதிலிருந்து வெற்றிடத்தைக் குடைந்து எடுக்கிறோம். தமிழில் இந்த வேறுபாட்டுக்குச் சொற்கள் தயாராக இருக்கின்றன: குவேக் கட்டுமானக் கோயில், அன்ரியல் குடைவரைக் கோயில். மகேந்திரவர்மன் காலத்துச் சிற்பி மலைக்குள் மண்டபத்தைக் குடைந்ததும், பின்னர் வந்தவர்கள் கல்லின்மேல் கல் வைத்து விமானம் எழுப்பியதும் இரு வேறு சிந்தனை முறைகள். இந்த இரண்டு எடிட்டர்களும் அப்படித்தான். குடைவரையில் லீக் என்ற பிரச்சினை கிடையாது, வெளியே இருப்பது எல்லையற்ற பாறை என்பதால். ஆனால் லெபோ பாசார் கடைவீட்டை அதில் கட்டுவது சுற்றுவழி: முதலில் தெருவின் வெளியைக் குடைந்து, அதற்குள் வீட்டைத் திடமான கட்டியாகச் சேர்த்து, மறுபடி அந்தக் கட்டிக்குள் அறைகளைக் குடைய வேண்டும், சேர்த்ததும் குடைந்ததும் எந்த வரிசையில் என்பது மாறினால் வீடே மாறிவிடும்.

அதே எடிட்டரில் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பத்துமலையைச் செய்து பார்த்தால் கதை வேறு. 272 படிகளை மலைச் சரிவில் அடுக்கி முடித்த பிறகு, பெருங்குகையை ஒழுங்கற்ற வடிவத்தால் ஒரே வெட்டில் குடைந்து, மேலே வானத்துக்கு ஒரு திறப்பை வெட்டினால் ஒரு பிற்பகலில் அந்த உணர்வு வந்துவிடுகிறது. குவேக் எடிட்டரில் அதே குகையைக் கட்ட, சுண்ணாம்புப் பாறையை நூற்றுக்கணக்கான சிறு கட்டிகளாக அடுக்கி, ஒவ்வொரு விளிம்பிலும் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைவீட்டைக் கட்ட வேண்டும், குகையைக் குடைய வேண்டும். எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது இதை முதலில் பார்க்காமல் படவசதிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பின்னர் மாதக்கணக்கில் அவதிப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்றைய பெரிய எஞ்சின்களில் சுவரும் தூணும் பெரும்பாலும் வேறு மென்பொருளில் செய்த மாதிரிகளாக வருகின்றன. எடிட்டர் அவற்றை அடுக்கி வைக்கும் அரங்காகிவிட்டது. அதில் அழகு கூடியிருக்கிறது, ஆனால் இடத்தைப் பற்றிய சிந்தனை எடிட்டருக்கு வெளியே போய்விட்டது என்பதே என் எண்ணம்.

உள்ளே நடக்கும் கேம்களை விட்டு, மேலிருந்து பார்க்கும் கேம்களுக்கு வந்தால் கடைவீடு ஒரே பொருளாகச் சுருங்கிவிடும். 1999இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமின் எடிட்டருக்கு நிலம் என்பது கட்டங்கள். வீடு என்பது அதன்மேல் வைக்கும் ஒரு காய். அஞ்சடியும் இல்லை, முற்றமும் இல்லை. ஆனால் டூமிலும் குவேக்கிலும் ஓரமாக மட்டுமே இருந்த ஒன்று இதன் மையத்தில் இருக்கிறது: நிகழ்ச்சி. இன்னது நடந்தால் இன்னதைச் செய் என்ற டிரிக்கர்களைக் கோத்து, ஒரு வரலாற்றுச் சம்பவத்தை நிரல் எழுதாமல் நடத்திக்காட்டலாம். பினாங்கில் இருப்பவருக்கு அதற்கான பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. வடக்கே சுங்கை பட்டாணியைத் தாண்டினால் மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கு, குனோங் ஜெராய்: அதுதான் கடாரம். 1025ஆம் ஆண்டையொட்டி முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை வென்றதாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு பட்டியலிடும் இடங்களில் அதுவும் ஒன்று.

அந்தப் படையெடுப்பை மேப்பாக்க முயன்றபோது, முதலில் நாகப்பட்டினத்தையும் கடாரத்தையும் ஒரே மேப்பில் வைக்க நினைத்தேன். இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடல். பெரிய அளவான 240க்கு 240 கட்ட மேப்பை எடுத்துக்கொண்டாலும், ஒரு கட்டம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஆகிறது. பினாங்குத் தீவு இரண்டு மூன்று கட்டங்களில் அடங்கிவிடுகிறது. ஒரு மரக்கலம் தீவையே மறைக்கிறது. ஆகவே சோழநாட்டை மேப்புக்கு வெளியே விட்டுவிட்டு, மெர்போக் ஆற்று முகத்துவாரத்திலிருந்து தொடங்கினேன். மேற்கு விளிம்பில் ஒன்றும் இல்லை. குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் ஒரு டிரிக்கர் அங்கே கப்பல்களைத் தோற்றுவிக்கிறது. கரையில் இருப்பவருக்கு அவை அடிவானத்திலிருந்து வந்தவை. காற்று என்ற கருத்தே இந்த கேமில் கிடையாது. எந்தக் கப்பலும் எந்தத் திசையிலும் எப்போதும் போகும். வங்கக் கடலைக் கடந்தவர்களுக்குப் பருவக்காற்றே எல்லாம் என்பதால், அந்த நேரக் கணக்கு டிரிக்கரையே காற்றுக்குப் பதிலியாக வைத்துக்கொண்டேன். மாலுமிகளுக்கு வழிகாட்டிய 1,200 மீட்டர் உயர ஜெராய் மலை, எடிட்டரின் சில மேட்டுப் படிகளாகக் குறுகிப் போனதில் இன்றுவரை எனக்கு நிறைவில்லை.

அப்போது கேமில் இந்தியர் என்று ஒரே நாகரிகம் இருந்தது. 2016இல் மலாய் நாகரிகம் சேர்ந்தது. 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கம் திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று பிரித்ததோடு, ராஜேந்திரனுக்கென்றே ஒரு தொடரையும் தந்தது. அதே கேமின் 2013ஆம் ஆண்டு விரிவாக்கமே ரசிகர்கள் செய்த மாற்றுவடிவமாகத் தொடங்கி அதிகாரப்பூர்வமானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எடிட்டரைத் திறந்துவிட்ட ஒரு கேமுக்கு ஆயுள் எப்படி நீள்கிறது என்பது தெரியும்.

டிரிக்கர்களின் எல்லையை வெகுதூரம் தள்ளியது 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 கேமின் வேர்ல்டு எடிட்டர். நிகழ்வு, நிபந்தனை, செயல் என்ற மூன்று பகுதிகளைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துக் கோக்கலாம். போதாதவர்கள் அதன் அடியில் இருந்த ஜாஸ் மொழியில் நேரடியாக எழுதலாம். 2003இல் அதில் பிறந்த டோட்டா மேப்பின் நிலப்பரப்பை மட்டும் பார்த்தால் மூன்று பாதைகள், குறுக்கே ஓர் ஆறு, இடையே காடு. அதை ஒருவர் ஒரு நாளில் வரைந்துவிடுவார். அதன் செல்வம் முழுவதும் விதிகளில் இருந்தது. டூம் எடிட்டரில் நாம் இடம் அமைக்கிறோம். இதில் ஆட்டத்தையே அமைக்கிறோம். மலேசியாவில் அந்த ஆட்டம் வேரூன்றியதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: 2013இல் டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்சு அணி மூன்றாம் இடம் பெற்றது; 2018 நவம்பரில் கோலாலம்பூர் மேஜர் போட்டி புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில் நடந்தது. ஒரு கேமோடு இலவசமாக வந்த எடிட்டரில் ரசிகர் ஒருவர் வரைந்த மேப்பின் வழித்தோன்றல்தான் டோட்டா 2.

சிறு படக் கட்டங்களை ஒட்டிக் களம் அமைக்கும் டைல் எடிட்டர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சொந்தமாகச் சிறு கேம் செய்ய விரும்புபவருக்கு டைல்டு, எல்டிடிகே இரண்டும் இலவசம், இரண்டும் நல்லவை. டைல்டில் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டத்தையும் நாமே தேர்ந்து ஒட்டுகிறோம். டெட் செல்ஸ் கேமின் வடிவமைப்பாளர் செபாஸ்டியன் பெனார் உருவாக்கிய எல்டிடிகேயில், இது சுவர், இது தரை என்று எண்களால் குறித்துவிட்டால், விதிகளின்படி ஓரங்களையும் மூலைகளையும் அதுவே வரைந்துகொள்கிறது. ஒரு தெருவில் இருபது கடைவீடுகள் வேண்டுமென்றால் இரண்டாவது. ஒவ்வொரு வீட்டின் ஓடும் தனித்தனியாக வேண்டுமென்றால் முதலாவது. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து வைக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடிட்டரின் கோப்பில் யூனிகோடு தமிழ் சிதையாமல் இருந்தாலும், கேம் எஞ்சினுக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியாவிட்டால் ‘கொ’ என்பதன் கொம்பு இடம் மாறி நிற்கும். கோடோ எஞ்சின் 2023இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து தமிழைச் சரியாகக் கோக்கிறது. டூமில் பலகை என்பதே ஒரு படம் என்பதால், வரைந்து ஒட்டிவிட்டால் பிரச்சினையே இல்லை.

கடைசியாக, அமைத்தது யாரிடம் இருக்கிறது என்பதையும் ஒப்பீட்டில் சேர்த்தே ஆக வேண்டும். 2015இல் நின்டெண்டோவின் வீ யு சாதனத்துக்கு வந்த சூப்பர் மரியோ மேக்கர், களத்தை அமைத்தவர் தாமே அதை முடித்துக்காட்டினால்தான் வெளியிடலாம் என்ற அருமையான விதியை வைத்திருந்தது. கற்றுக்கொள்ள அதைவிட அன்பான எடிட்டரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பதிப்பில் புதிய களங்களை ஏற்றுவது 2021இல் நின்றது. 2024 ஏப்ரலில் அச்சாதனத்தின் இணையச் சேவையும் நின்றது. வார்கிராஃப்ட் 3 கேமின் 2020ஆம் ஆண்டு மறுபதிப்போடு வந்த விதிமுறை, பயனர்கள் அமைக்கும் மேப்களின் உரிமை நிறுவனத்துக்கே என்று சொன்னது. 1994இல் எழுதிய வேட் கோப்பு இன்றும் திறக்கிறது. குவேக் வகை எடிட்டர்கள் சேமிக்கும் மேப் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. அதை நோட்பேடில் திறந்தாலும், அஞ்சடியின் தூணும் மாடியின் தளமும் கூரையின் ஒவ்வொரு சாய்வும், பரப்புக்கு மூன்று புள்ளிகளாக வரிவரியாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.